நாற்பதுகளில் ஏறும் நிறைக்கும் நினைவாற்றல் குறைவதற்கும் தொடர்பு உண்டா?

வாவிக்கரையாள் (களுவாஞ்சிக்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது கணவருக்கு வயது 48. ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகின்றார். உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 92 கிலோ. சென்ற வாரம் எனது தையல் நாடாவால் அவருடைய வயிற்றைச் சுற்றி அளந்தபோது 108 சென்ரிமீற்றர் காட்டியது. திருமணமான புதிதில் மண்டூர்ப் பக்கத்து வயலுக்குப் போவதற்காகக் குருமண்வெளிப் படகுத்துறை வரை சைக்கிள் மிதித்து, வாவியைக் கடந்து, அக்கரையில் மறுபடியும் மிதித்துப் போய் வந்தவர்தான் இவர். வயலைக் குத்தகைக்குக் கொடுத்து, மோட்டார் சைக்கிள் வாங்கி, ஆலையின் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்த பிறகு பதினைந்து வருடங்களில் இந்த நிறை ஏறிவிட்டது.

ஒரு வருடமாக அவருக்கு மறதி கூடியிருக்கின்றது. முன்பு மனத்தாலேயே கூட்டிவிடும் தொகைகளை இப்போது இரண்டு மூன்று முறை கூட்டுகின்றார். பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த சொல் கிடைக்காமல் நிற்கின்றார். பிற்பகலில் பேரேட்டின் மேலேயே தலை சாய்ந்துவிடுவதாக உடன் வேலை செய்பவர்கள் சொல்கின்றார்கள். கோபமும் சட்டென்று வருகின்றது. இரவில் விடும் குறட்டையைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது அடுத்த வளவு வரைக்கும் கேட்கும்.

அண்மையில் ஒரு பத்திரிகையில், உடற்பருமன் மூளையைச் சுருக்கிவிடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. ஆனால் என் வீட்டிலேயே அதற்கு மாறான சாட்சி இருக்கின்றது. எனது மாமிக்கு வயது 76, நிறை 43 கிலோதான். மூன்று வருடங்களாக அவருக்கு நினைவு தடுமாறுகின்றது. பிள்ளையார் கோயிலுக்குப் போனால் திரும்பும் ஒழுங்கை தெரியாமல் நிற்கின்றார், சாப்பிட்டு எழுந்த உடனேயே சோறு கேட்கின்றார், சில நாட்களில் சாப்பிடாமலேயே சாப்பிட்டேன் என்கின்றார். மறுபுறம், பருத்த உடம்புடைய எனது பெரியம்மா எண்பதை நெருங்கியும் ஊரிலுள்ள குடிகளின் வழியையெல்லாம் பிசகாமல் சொல்கின்றார். அப்படியானால் பத்திரிகையில் வந்ததை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கணவருக்கு மாமியின் நோய்தான் இளவயதிலேயே தொடங்குகின்றதா? இலண்டனில் இருக்கும் எனது தம்பி, நிறை குறைக்கும் ஊசி ஒன்று வந்திருக்கின்றது, அது மூளைக்கும் நல்லதாம் என்கின்றான். அதுவும் உண்மையா?


விடுதி வைத்தியர் (மட்டக்களப்பு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பொது மருத்துவ விடுதியொன்றில் பணியாற்றும் வைத்தியர். நேரில் பார்க்காமல் எவருடைய நோயையும் பெயர் சொல்லித் தீர்மானிக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். ஆயினும் உங்கள் கேள்வியில் நல்ல அவதானம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

மாமியிலிருந்து தொடங்குகின்றேன். அவருக்கு நாற்பத்தைந்து வயதாக இருந்தபோது உடம்பு எப்படி இருந்தது? பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். இலண்டன் அரச ஊழியர்கள் 10,308 பேரைச் சேர்த்து 1985இல் தொடங்கி இன்று வரை தொடரும் வைட்ஹோல் ஆய்வின் முடிவொன்று 2018இல் வெளிவந்தது. ஐம்பது வயதில் உடற்திணிவுச் சுட்டெண் (கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 30 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அறுபதிலும் எழுபதிலும் அளந்த நிறைக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இன்னும் கவனிக்கத்தக்க செய்தி என்னவென்றால், நோய்க்கு உள்ளானவர்களின் நிறை, நோய் கண்டறியப்படுவதற்கு 28 முதல் 16 ஆண்டுகளுக்கு முன்னர் மற்றவர்களுடையதை விடக் கூடுதலாகவும், கடைசி எட்டு ஆண்டுகளில் மற்றவர்களுடையதை விடக் குறைவாகவும் இருந்தது. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளைக்குள் வேலையைத் தொடங்கிவிடுகின்றது. வாசனை உணர்வு மங்கும், உணவில் நாட்டம் குறையும், சாப்பிட்டோமா என்ற நினைவே தவறும், நிறை இறங்கும். ஆகவே இன்று மெலிந்திருக்கும் முதியவரை வைத்துக்கொண்டு, மெலிந்தவருக்கும் மறதி வருகின்றதே என்று கணக்குப் போட்டால், நோயின் விளைவை நோயின் காரணத்தோடு குழப்பிக்கொள்வோம். உங்கள் பெரியம்மாவைப் பொறுத்தவரை, இரண்டு மடங்கு வாய்ப்பு என்றாலும் பருமனானவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதில்லை என்பதை மறக்க வேண்டாம். குடிவழிகளை நினைவில் வைத்து நாள்தோறும் நாலுபேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் மூளைக்கு ஒரு பயிற்சிதான்.

அடுத்து, வயிற்றில் சேரும் கொழுப்பு தலைக்குள் இருக்கும் மூளையை எப்படித் தொடும் என்பது. மூளை நமது உடல் நிறையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கின்றது. தனக்கென்று சேமித்து வைப்பதற்கு மூளையில் இடம் மிகக் குறைவு. இரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மூளையின் ஆழத்திலுள்ள வெண்பகுதிக்குப் போகும் குழாய்களோ மயிரிழை போன்றவை. உன்னிச்சைக் குளத்துக் கதவைத் திறந்தால் முதல் வயலுக்கு எப்படியும் தண்ணீர் வந்துவிடும். வாய்க்கால் கரை தூர்ந்தால் காய்வது கடைசி வயல்தான். உயர் குருதியமுக்கமும் சீனி வருத்தமும் அந்தக் கடைசி வயல்களைத்தான் முதலில் காய வைக்கின்றன. அதனால்தான் இவ்வகைப் பாதிப்பில் பெயர்களும் முகங்களும் மறப்பதற்கு முன்னரே வேகமும் கவனமும் திட்டமிடலும் குறைகின்றன. கணக்கைக் கூட்டுவதற்கு நேரம் எடுப்பது, இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யத் தடுமாறுவது போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை.

வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு, மூட்டையில் கட்டி வைத்த நெல்லைப் போலச் சும்மா கிடப்பதில்லை. அது இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றது. அதனால் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலை உண்டாகின்றது. இன்சுலின் சீனியைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டுமே உரியது என்று நாம் நினைக்கின்றோம். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலும் அதற்கு வேலை இருக்கின்றது. இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதியம்தான், அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலோயிட் புரதத்தைச் சிதைப்பதற்கும் உதவுகின்றது. இரத்தத்தில் இன்சுலின் எப்போதும் மிகுந்திருந்தால் அந்த நொதியம் அதிலேயே மூழ்கிவிடும் என்பது ஒரு விளக்கம். இது மட்டும் இன்னும் கருதுகோள் நிலையில் இருப்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குருதிக்குழாய்களைப் பற்றிச் சொன்னதற்கோ போதிய சான்று இருக்கின்றது.

உங்கள் கணவரின் உடற்திணிவுச் சுட்டெண் 32.6. நமது தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் சேர்கின்றது என்பதால், ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே ஆபத்துத் தொடங்குவதாகவும் 27.5க்கு மேல் அது மிக அதிகம் என்றும் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் எழுதினார்கள். வயிற்றுச் சுற்றளவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே நமக்குரிய எல்லை. 108 என்பது அதனிலும் வெகுதூரம்.

இருந்தாலும் நீங்கள் எழுதியவற்றில் என்னை நிறுத்தியது நிறை அன்று. பேரேட்டின் மேல் தலை சாய்வதும் அடுத்த வளவுக்குக் கேட்கும் குறட்டையும்தான். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர். கழுத்திலும் நாக்கின் அடியிலும் சேரும் கொழுப்பு அதற்கு முக்கிய காரணம். ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ஒக்சிசன் இறங்குகின்றது, மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கின்றது. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. இரவு முழுவதும் இவ்வாறு நூறு தடவை எழுப்பப்பட்ட மனிதரால் பகலில் எப்படிக் கணக்குக் கூட்ட முடியும்? இந்த மறதியின் பெரும் பகுதி சிகிச்சையால் மீளக்கூடியது. ஆகவே, மாமியின் நோய் இவருக்கு இளவயதிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போதே அஞ்ச வேண்டாம். அவர் மல்லாந்து உறங்கும்போது பத்து நிமிடம் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, கழுத்துச் சுற்றளவையும் அளந்துகொண்டு ஒரு வைத்தியரிடம் போங்கள். 40 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்து ஒரு எச்சரிக்கை. குருதியமுக்கம், வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், தைரொயிட், பி-12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும் என்பதால் அதையும் வைத்தியர் கேட்டறிய வேண்டும்.

மாமியைப் பற்றி அவசரமான ஒரு கேள்வி. அவருக்குச் சீனி வருத்தம் உண்டா? உண்டென்றால் என்னென்ன குளிசை, எவ்வளவு காலமாக?


சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

தங்கச்சி, டொக்டர் எழுதியிருப்பதைப் படித்தபோது என்னுடைய கதையை யாரோ எழுதிவைத்தது போல் இருந்தது. எனக்கு இப்போது 53 வயது. இரும்புக்கடை வைத்திருக்கின்றேன். நான்கு வருடங்களுக்கு முன் எனது நிறை 104 கிலோ. கடையில் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தேன் என்பது மறக்கத் தொடங்கியது. கொப்பியில் எழுதியதைப் பார்த்தும் அது எந்த ஆள் என்று நினைவுக்கு வரவில்லை. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்புவதால் வந்த உறக்கக் குறைவு என்று முதலில் நினைத்தேன். பெருநாள் முடிந்து இரண்டு மாதமாகியும் அது தீரவில்லை. நான் முதலில் காட்டிய இடத்தில், வயது போகின்றது, கொஞ்சம் நடவுங்கள் என்று சொல்லி ஒரு விற்றமின் பட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். உறக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு காரைதீவுச் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் கண்ணயர்ந்துவிட்டேன். மதிலில் உரசி, முழங்கை தோல் போனதோடு அல்லாஹ் காப்பாற்றினான். அதன் பிறகுதான் எனது மனைவி, இவர் இரவில் மூச்சை விடாமல் கிடக்கின்றார், நான் உலுக்கித்தான் எழுப்புகின்றேன் என்று வைத்தியரிடம் சொன்னார். இவ்வளவு காலமும் அதை ஒரு நோய் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இரவுப் பரிசோதனை செய்தபோது மணித்தியாலத்துக்கு 41 தடவை மூச்சுத் தடைப்பட்டிருந்தது. 30க்கு மேல் என்றாலே கடுமையானது என்றார்கள். மூக்கில் முகமூடி போட்டுக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சீபாப் இயந்திரம் தந்தார்கள். முதல் வாரம் யானைத் தும்பிக்கை மாட்டியது போல் இருந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் மாதத்தில் கடன் கொப்பியைப் பார்க்காமலேயே ஆட்களின் பெயர் நாவுக்கு வந்தது. நிறையும் பிறகுதான் இறங்கியது, ஏனென்றால் பகலில் விழித்திருந்தால்தானே மனிதன் நடப்பான்! உங்கள் கணவர் சீக்கிரம் பரிசோதனை செய்ய வேண்டும். அது வரைக்கும் தூரப் பயணத்தில் மோட்டார் சைக்கிளை அவரிடம் கொடுக்க வேண்டாம்.


கணக்கு வாத்தி (அக்கரைப்பற்று) எழுதியது:

நான் கணிதம் கற்பிப்பவன், மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் மூளை சுருங்கும் என்ற தலைப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகின்றது. அந்தத் தலைப்புகளில் பல, பிரித்தானியாவில் 9,652 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. அதில் இயல்பான நிறையுள்ளவர்களின் மூளைச் சாம்பற்பகுதியின் சராசரி 798 கன சென்ரிமீற்றர். பருமனும் வயிறும் ஒன்றாக உள்ளவர்களுக்கு 786. வித்தியாசம் 12, அதாவது ஒன்றரைச் சதவீதம். ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருக்கும் வேறுபாடு இதனை விடப் பெரியது. ஒரே நேரத்தில் எடுத்த ஸ்கேன் என்பதால், வயிறு முன்னே வந்ததா மூளையின் வேறுபாடு முன்னே வந்ததா என்பதையும் அதனால் சொல்ல முடியாது. அந்த ஆய்வில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறு ஒன்று: பருமன் இருந்தும் இடுப்பளவுக்கு வயிறு பெரிதாக இல்லாதவர்களின் சராசரி 793, இரண்டுக்கும் நடுவில். வயிறுதான் விடயம் என்று டொக்டர் சொன்னதற்கு இது பொருந்தி வருகின்றது, அதை ஒப்புக்கொள்கின்றேன்.

இன்னொன்று. 2015இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, பருமனானவர்களுக்கு மறதி நோய் குறைவு என்றல்லவா சொன்னது? மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையிலும், தவிர்க்கக்கூடிய 14 காரணங்கள் சேர்ந்து மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று போட்டுவிட்டு, அதில் பருமனுக்கு 1 சதவீதம்தான் கொடுத்திருக்கின்றார்கள். ஒரு சதவீதத்துக்காக ஊரில் தொந்தி வைத்தவர்களையெல்லாம் மூளை கெட்டவர்கள் என்று பார்க்கத் தொடங்கினால் அது நியாயமா? பாடசாலையில் பருமனான பிள்ளைகளை மந்தம் என்று கேலி செய்வதை நான் நாள்தோறும் காண்கின்றேன். இந்தச் செய்திகள் அந்தக் கேலிக்கு விஞ்ஞானச் சாயம் பூசிவிடும்.


விடுதி வைத்தியர் (மட்டக்களப்பு) எழுதியது:

ஆசிரியர் கேட்டவை சரியான கேள்விகள். கேலியைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நிறை கூடியவர் ஒருவர் அவமானத்துக்கு அஞ்சிக் கிளினிக்குக்கே வராமல் விட்டால், அவருடைய குருதியமுக்கமும் சீனியும் பார்க்கப்படாமலே போகின்றன. அதுதான் மூளைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

இருபது இலட்சம் பேரின் ஆய்வில் சராசரியாகப் பின்தொடர்ந்த காலம் ஒன்பது ஆண்டுகளளவுதான். வைட்ஹோல் ஆய்வோ நோய்க்கு முந்திய எட்டு ஆண்டுகளில் நிறை இறங்குகின்றது என்று காட்டியது. அந்த இரண்டையும் அருகருகே வைத்தால், ஏற்கெனவே நோய் தொடங்கி மெலிந்துகொண்டிருந்த பலரை முதல் ஆய்வு மெலிந்தவர்களின் பட்டியலில் எழுதியிருக்கக் கூடும் என்பது விளங்கும். அந்த முரண்பாடு முழுவதையும் இது தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும் பகுதியைத் தீர்க்கும்.

ஒரு சதவீதம் என்பதை வாசிக்கும் முறை வேறு. அதே அட்டவணையில் நீரிழிவுக்கு 2, உயர் குருதியமுக்கத்துக்கு 2, உடலுழைப்பின்மைக்கு 2, தீய கொலஸ்ட்ரோலுக்கு 7 சதவீதம் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கின்றார்கள். நடுவயதில் வயிறு பெருத்தவரிடம் இவை பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றன. அவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பருமனுக்கு மட்டும் எஞ்சுவதுதான் அந்த 1. கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்தெடுத்த பிறகு மூத்த அண்ணனின் கையில் எஞ்சிய காசைப் பார்த்து, இந்த வீட்டில் இவ்வளவுதான் சொத்து என்று சொல்ல முடியாதல்லவா?

இலண்டன் தம்பியின் ஊசியைப் பற்றி. செமாகுளுடைட் என்ற அந்த மருந்து நிறையையும் சீனியையும் குறைப்பது உண்மை. அது அல்சைமர் நோயின் போக்கையும் மெதுவாக்குமா என்று, ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு மாத்திரை வடிவில் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2025 நவம்பரில் வெளிவந்தது, மெதுவாக்கவில்லை. நடுவயதில் நிறை குறைத்தவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன பயன் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தப் பரிசோதனைகள் விடை சொல்லவில்லை. ஆகவே உங்கள் கணவருக்கு அந்த மருந்து தேவை என்று ஒரு வைத்தியர் கருதினால் அது நிறைக்காகவும் சீனிக்காகவும் இருக்கலாம். நினைவுக்காக என்று எவரும் பொதியில் போட்டுக் கொண்டுவந்து தர வேண்டாம்.

மருந்தில்லாத வழிக்கு இதனை விடத் தெளிவான சான்று இருக்கின்றது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான, மறதி நோய் வரும் ஆபத்து கூடிய 1,260 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, குருதியமுக்கக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற மற்றப் பாதியினரை விட அவர்களுடைய சிந்தனைத் திறன் முன்னேறியிருந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் எழுபது வயதிலும் அது நடந்தது. மூச்சுத் தடையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் பார்த்த ஆய்வில், நிறை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடைப்படும் எண்ணிக்கை சுமார் 26 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. உங்கள் கணவருக்கு அது 92இலிருந்து 83 கிலோவுக்கு வருவது. ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கட்டும்.


ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் (திருக்கோவில்) எழுதியது:

மகள், கணவர் ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டீ குடிக்கின்றார் என்று எண்ணிப் பாருங்கள். ஆலைகளில் ஐந்துக்குக் குறையாது. குவளைக்கு இரண்டு கரண்டி சீனி என்றாலே ஐம்பது கிராம் வந்துவிடும். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கின்றது. சோற்றைப் பிடித்துச் சண்டை போடுவதற்கு முன் இந்தச் சீனியையும், இரவு பத்து மணிக்குக் கடையிலிருந்து வரும் கொத்து ரொட்டியையும் பிடியுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தால் குறட்டையிலும் வித்தியாசம் தெரியும். புட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்துப் பயறு சேர்த்து அவிக்கலாம்; சுண்டல், முருங்கை இலை, வல்லாரை, மீன் எல்லாம் நம்முடைய கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வல்லாரை சாப்பிட்டால் மட்டும் நினைவு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நல்ல கீரை, அவ்வளவுதான்.

உங்கள் மாமிக்கோ இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். சீனி என்று சொல்லி அவருடைய தட்டைக் குறைக்காதீர்கள். சிறிது சிறிதாக ஐந்து வேளை கொடுங்கள். முட்டை, மீன், எருமைத் தயிர் எல்லாம் சேர்க்கலாம். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு என்று நடத்தப்போய், கிழவியைப் பட்டினி போட்ட வீடுகளை எனது வேலைக்காலத்தில் கண்டிருக்கின்றேன்.


வாவிக்கரையாள் (களுவாஞ்சிக்குடி) எழுதியது, ஆறு வாரங்களுக்குப் பின்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதமாக வருவதற்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் அடுத்தடுத்து வேலைகள் வந்துவிட்டன.

முதலில் மாமி. மைத்துனியின் திருமணப் படம் ஒன்று கிடைத்தது, 1995ஆம் ஆண்டு எடுத்தது. அதில் மாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பட்டுச் சேலையின் மடிப்பையும் மீறிக்கொண்டு நிற்கும் உடம்பு. எனக்கு அடையாளமே தெரியவில்லை. எழுபது கிலோவுக்குக் குறையாது என்று கணவர் சொல்கின்றார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே அவர் மெலியத் தொடங்கியிருந்தார் போலும். வயதானால் உடம்பு வற்றும் என்று நாங்கள் எவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

டொக்டர் குளிசையைக் கேட்டது ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மாமிக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினால், 60 கிலோ இருந்தபோது எழுதிய கிளிபென்கிளமைட் என்ற, சீனியைக் குறைக்கும் குளிசையின் அளவே 43 கிலோவிலும் தொடர்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டாரோ இல்லையோ, குளிசையை மட்டும் நான்தான் தவறாமல் கையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் அவர் வியர்த்துக்கொண்டு, என்னைத் தன்னுடைய தங்கை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது அயல் வீட்டுக் கருவியில் குத்திச் சீனியைப் பார்த்தோம், 54 என்று மிகவும் இறங்கிக் காட்டியது. சீனித் தண்ணீர் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். அன்றே வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்தக் குளிசையை நிறுத்திவிட்டார், பி-12 ஊசியும் போடுகின்றார்கள். மாமியின் மறதி மாறிவிடவில்லை. கோயில் ஒழுங்கை இன்னமும் தவறுகின்றது. ஆனால் அந்த விடியற்காலைப் பிதற்றல் இப்போது இல்லை.

கணவரை அழைத்துப்போவதுதான் பெரும்பாடாக இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு வாரம் ஓட்டினார். மகன் எடுத்த வீடியோவை ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கையில் கொடுத்தோம். குறட்டை நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கி, மூச்சு வராமல் அவர் கிடந்த நேரத்தை மகன் விநாடி விநாடியாக எண்ணியிருந்தான், முப்பத்திரண்டு. அவர் அதை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் தானாகவே சேட்டை மாட்டிக்கொண்டு, போவோம் என்றார். கழுத்து 43 சென்ரிமீற்றர், குருதியமுக்கம் 158க்கு 96, வெறுவயிற்றுச் சீனி 119. குருதியமுக்கத்துக்கு மருந்து தொடங்கியிருக்கின்றார்கள். இரவுப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கின்றார்கள். பிளேன்டீயை எண்ணியதில் ஆறு வந்தது. இப்போது இரண்டு, அதுவும் அரைக்கரண்டியுடன். ஆலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கி மூன்று வாரமாகின்றது. நிறை இரண்டு கிலோ மட்டும் இறங்கியிருக்கின்றது.

சம்மாந்துறைக் காக்காவிடம் ஒரு கேள்வி. அந்த இயந்திரம் கிடைத்தால், நமது வெக்கையிலும் மின்சாரம் நின்று நின்று வரும் நாட்களிலும் அதை எப்படிச் சமாளிக்கின்றீர்கள்? வியர்வையில் முகமூடி வழுக்காதா?


சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

வழுக்கும் தங்கச்சி, தொடக்கத்தில் நன்றாகவே வழுக்கும். படுக்கப் போகுமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். எண்ணெய், கிரீம் எதுவும் பூசக்கூடாது. முகமூடியை நாள்தோறும் காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் இறப்பர் வெடித்துவிடும். ஈரப்பதன் தரும் பெட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீர் என்று மருந்துக்கடையில் கேட்டால் சுத்தமானதைத் தருவார்கள், எதைத் தருகின்றார்கள் என்று போத்தலின் மேலே வாசித்துப் பாருங்கள். மின்சாரம் நின்றால் காற்று நின்றுவிடும், ஆனால் முகமூடியில் துவாரம் இருப்பதால் பயமில்லை. அவர் தானாகவே விழித்துக் கழற்றிவிடுவார். நான் ஒரு சிறிய பற்றரியை இணைத்து வைத்திருக்கின்றேன். அது இல்லாத இரவுகளில் முதுகுப்பக்கம் தலையணையை அண்டக் கொடுத்துச் சரிந்து படுப்பேன்.